நோன்புக்கு வரம்பு கட்டியவர்கள்

(தருமபுரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

துறவு என்றதும் முள்படுக்கை, ஒற்றைக்கால் தவம், மாதக்கணக்கில் பட்டினி என்று கடுமையைத்தான் நினைக்கிறோம். மதங்களின் விதிகளைப் புரட்டிப் பார்த்தால், அவை கடுமையைத் தூண்டியதைவிட அதற்குக் கடிவாளம் போடவே அதிகம் பாடுபட்டிருக்கின்றன. நோன்பிருப்பவனைப் பார்த்து "போதும், நிறுத்து" என்று சொல்லும் உரிமை யாருக்கு? இன்று அந்த ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கப்போகிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். தருமபுரியின் பழைய பெயரான தகடூரை நுளம்ப அரசர்கள் ஆண்ட ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே சமணப் பள்ளி இருந்ததற்குக் கல்வெட்டு உண்டு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் இன்னும் பழைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற ஆசிரியரை அது குறிப்பிடுகிறது. 57 நாள் என்றதும் மலைத்துப்போகிறோம். அதற்குப் பின்னால் இருந்த ஒழுங்கை யாரும் விசாரிப்பதில்லை.

சல்லேகனை என்ற அந்தச் சமண நோன்பை நினைத்தவுடன் எடுத்துவிட முடியாது. தீராத நோய், தள்ளாத முதுமை, தப்ப வழியில்லாத பஞ்சம் அல்லது ஆபத்து, இவற்றில் ஒன்று இருக்கவேண்டும். துறவியாக இருந்தால் ஆசாரியரின் அனுமதி வேண்டும். உணவை ஒரே நாளில் நிறுத்துவதும் இல்லை. முதலில் திட உணவு போகும், பிறகு பால், மோர் போன்றவை, பிறகு வெந்நீர், கடைசியில் அதுவும் போகும். இடையில் ஐந்து குற்றங்கள் நேரலாம் என்று நூல்கள் எச்சரிக்கின்றன: இன்னும் வாழ ஆசைப்படுவது, சீக்கிரம் செத்தால் தேவலை என்று ஆசைப்படுவது, நண்பர்களை நினைத்து உருகுவது, அனுபவித்த சுகங்களை அசைபோடுவது, மறுபிறவியில் பலன் கேட்பது. இரண்டாவதைக் கவனியுங்கள். சாவை விரும்பினாலே நோன்பு பழுது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இதைத் தற்கொலைக் கணக்கில் சேர்த்துத் தடை விதித்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. வழக்கறிஞர்கள் வாதாடிய இடமும் விருப்பம் எது, விடுதல் எது என்ற இதே நூலிழைதான்.

ஆடையும் துறந்த திகம்பரச் சமணத் துறவியின் அன்றாடச் சாப்பாட்டிலும் இந்தக் கண்டிப்பு உண்டு. நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, இரு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தி உண்ணவேண்டும். கையில் விழுந்த சோற்றில் ஒரு மயிரோ செத்த பூச்சியோ இருந்தால் அத்தோடு சரி, அடுத்த வேளை மறுநாள்தான். ஊட்டுகிற இல்லறத்தார் பதறிப்போவார்கள். அவர் பதறக்கூடாது.

கிறித்தவத்துக்கு வருவோம். ஐந்தாம் நூற்றாண்டில், சிரியாவில் சிமியோன் என்ற துறவி தூண் மேல் ஏறி நின்று 35 ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். மற்றத் துறவிகளுக்கு ஐயம்: இது தவமா, தலைக்கனமா? ஆள் அனுப்பி, "உடனே கீழே இறங்கு" என்று சொல்லச் சொன்னார்கள். மறுத்தால் இழுத்துவாருங்கள், இறங்கத் தயாரானால் அங்கேயே விட்டுவிடுங்கள் என்பது ஏற்பாடு. சிமியோன் உடனே இறங்கக் காலை எடுத்தார். நிற்க அனுமதி கிடைத்தது. சோதனை நடந்தது அவருடைய தாங்கும் சக்திக்கு அல்ல, கீழ்ப்படிதலுக்கு. அடுத்த நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி மடங்களுக்கு எழுதிய விதிகளில், நாளுக்கு ஒரு பவுண்டு ரொட்டி என்று அளவே குறித்துவிட்டார். தவக்காலத்தில் கூடுதலாக எதையாவது விட விரும்பும் துறவி அதை மடத்தலைவரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கவேண்டும். கேட்காமல் செய்தால் அது புண்ணியக் கணக்கில் சேராது, வீண்பெருமைக் கணக்கில் சேரும்.

புத்தர் பட்டினியின் எல்லைவரை போய்த் திரும்பியவர். அவருடைய சங்கத்துத் துறவியான தேவதத்தன் ஐந்து கோரிக்கைகளோடு அவரிடம் வந்தான்: எல்லாத் துறவிகளும் ஆயுள் முழுக்கக் காட்டில்தான் வாழவேண்டும், பிச்சையெடுத்துத்தான் உண்ணவேண்டும், கந்தல்தான் உடுத்தவேண்டும், மரத்தடியில்தான் தங்கவேண்டும், மீனும் இறைச்சியும் தொடக்கூடாது. வேண்டுமென்பவர் தாமாக ஏற்கலாம், எல்லார்மேலும் கட்டாயமாக்க முடியாது என்பது புத்தரின் விடை. சங்கமே பிளந்தது.

இஸ்லாத்தில் வரம்பு இன்னும் தெளிவு. ரமலானில் நம் பக்கம் ஏறக்குறைய 13, 14 மணி நேரம் தண்ணீர்கூட இல்லை. ஆனால் நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு. தனக்கோ பிள்ளைக்கோ கேடு வரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உண்டு. விட்ட நாள்களைப் பின்னால் நோற்கலாம். இனி நோற்கவே முடியாத முதியவர் நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கவேண்டும். இடைவிடாமல் இரவும் பகலும் சேர்த்து நோற்பதை நபிகள் தடுத்தார். விடியுமுன் சாப்பிடும் சஹரைத் தவிர்க்கவேண்டாம் என்றார். பெருநாளன்று நோன்பிருப்பது கூடாது. கிருஷ்ணகிரியில் மாலை நேரத்தில் தூக்குவாளியோடு நோன்புக் கஞ்சிக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த விதிகள் தெரிந்திருக்காது. கஞ்சி மட்டும் தவறாமல் வந்துவிடும்.

ஐயப்பனுக்கு மாலை போடும் 41 நாள் விரதத்தில் இந்த இடம் குருசாமியுடையது. நல்ல குருசாமி முதலில் கேட்கவேண்டியது, "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதைத்தான். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளி மருந்தைப் போட்டுக்கொண்டு வேளைச் சோற்றை விட்டால் சர்க்கரை தடாலென இறங்கும். வியர்வை, கைநடுக்கம், குழப்பம் வரும். சர்க்கரை அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அந்த நிமிடமே விரதத்தை விடவேண்டும். விரதம் என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்துகிறவருக்கு எதிர்த்திசையில் ஆபத்து.

நீண்ட பட்டினியில் பலர் அறியாத ஆபத்து, அதை முடிக்கும்போது வருகிறது. ஐந்து நாளுக்கு மேல் ஒன்றும் உண்ணாத உடம்புக்குத் திடீரென இலை நிறையச் சோறு போட்டால் இன்சுலின் ஏறும்; ரத்தத்தில் உள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் ஓடிவிடும்; இதயம் தடுமாறும். முதல் இரண்டு நாள் வழக்கமான தேவையில் பாதிக்கு மேல் கொடுக்கவேண்டாம் என்பதும், கூடவே பி1 வைட்டமின் வேண்டும் என்பதும் மருத்துவ விதி. சமணர்கள் பாசிப்பயறு வேகவைத்த நீரில் நோன்பு முடிப்பது இந்த விஞ்ஞானம் பிறப்பதற்கு முன்பே வந்த பழக்கம்.

அரசியல் உண்ணாவிரதத்துக்குத்தான் இப்படி ஓர் ஆசாரியர் இல்லை. 1929இல் லாகூர்ச் சிறையில் விடுதலைப் போராளி ஜதீன் தாஸ் 63ஆம் நாள் இறந்தார். 1952 டிசம்பர் 15இல், சென்னையில், ஆந்திர மாநிலம் கேட்ட பொட்டி ஸ்ரீராமுலு 58ஆம் நாள் இறந்தார். அரசு விட்டுக்கொடுக்காது, தொண்டர்கள் நிறுத்தச் சொல்லமாட்டார்கள். நோன்பிருப்பவரின் உடம்பு இருவருக்கும் நடுவில் கிடக்கும்.

இதே மாவட்டத்தில், பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவா காவி உடுத்திய அரசியல்வாதி. காவியை அவரே உடுத்தினார். சிறையில் பற்றிய தொழுநோயும், ரயிலேற அரசு போட்ட தடையும் அவர்மேல் சுமத்தப்பட்டவை. தானே விட்டதையும் பிடுங்கப்பட்டதையும் ஒரே "தியாகம்" என்ற பெயரில் கலந்துவிடுவது நம் மேடைகளுக்குப் பழகிப்போன தவறு.

வீட்டுக்குள்ளும் அதே கலப்படம். கணவன் இறந்த பெண்ணுக்குப் பூவையும் பொட்டையும் மறுத்துவிட்டு, அதற்கு விரதம் என்று பெயர் வைத்தார்கள். எந்த ஆசாரியர் அவளிடம் சம்மதம் கேட்டார்? ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே உள்ள கர்ப்பிணி செவ்வாயும் வெள்ளியும் ஒரு பொழுது இருக்கிறாள். கிராமச் செவிலியர் 180 நாளுக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டுகிறது. ஆகவே விரத நாளில் சோற்றோடு மாத்திரையும் போய்விடுகிறது. வாரத்தில் இரண்டு நாள், பேறுகாலம் முழுக்க. குழந்தைக்காகத்தான் இருக்கிறேன் என்பாள். "இந்த மாசம் வேண்டாம் தாயி, சாப்பிடு" என்று அவளிடம் சொல்லும் உரிமை மாமியாருக்கும் உண்டு, கோயில் பூசாரிக்கும் உண்டு. இந்த அவையில் அந்த இரு தரப்பாரும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.