இணைய வகுப்பில் பிள்ளைகள் வாய் திறப்பதில்லையா? அந்த ஒரு நொடியைக் கவனியுங்கள்!

[திரையில்: கேமரா அணைந்த கட்டங்கள், பெயர்கள் மட்டும்]

வணக்கம். "புரிஞ்சுதா கண்ணுகளா?" என்று ஆசிரியை கேட்கிறார், ஒரே ஒரு கட்டத்திலிருந்து "புரிஞ்சுதுங்க மிஸ்" என்று குரல் வருகிறது, பாடம் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுகிறது. கோவையானாலும் ஈரோடானாலும் நாம் அடிக்கடி பார்க்கும் இணைய வகுப்பு இதுதான். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று சலித்துக்கொள்ளும் முன் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம்.

2020 மார்ச்சில் வகுப்புகள் கைப்பேசிக்குள் புகுந்ததும், பிறகு பாதிப் பேர் வகுப்பறையிலும் பாதிப் பேர் வீட்டிலுமாகக் கலப்பு முறை வந்ததும் நீங்கள் அறிந்த கதை.

[திரையில்: ஓடும் நொடிமுள்]

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார் என்று 1970களில் எழுதினார். அந்த ஒரு நொடி கழிந்ததும் ஆசிரியர் வேறொருவரைக் கேட்பார், அல்லது கேள்வியையே மாற்றிவிடுவார். காத்திருப்பை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத கேள்விகள் குறைந்தன, மந்தம் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். அவர் அளந்த இரண்டாவது இடைவெளிதான் எனக்கு மிகவும் பிடித்தது: மாணவர் பேசி முடித்ததற்கும் ஆசிரியர் வாய் திறப்பதற்கும் இடைப்பட்ட நேரம். "வெரி குட்" என்று உடனே முத்திரை குத்தாமல் அங்கே சற்றுப் பொறுத்தால், அதே மாணவர் "ஆனாலும் மிஸ்" என்று காரணம் சொல்ல ஆரம்பிப்பார். கலந்துரையாடல் பிறக்கும் இடம் அதுவே.

நம்மூர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு வரும் பாட்டி படியில் கால் வைப்பதற்குள் விசில் கொடுத்துவிட்டு, இந்த நிறுத்தத்தில் ஏற ஆளே இல்லை என்று நடத்துநர் குறைபட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? மாணவர்கள் பேசுவதில்லை என்ற புகாரில் பாதி அந்த வகைதான் என்பது என் கருத்து; மறுக்கும் ஆசிரியர்கள் தங்கள் வகுப்புப் பதிவை ஓட்டி நொடிகளை எண்ணிவிட்டுக் கருத்துப் பகுதியில் வந்து சண்டை போடலாம்.

இணைய வகுப்பில் மூன்று நொடியும் போதாது. குரல் தாமதமாகப் போய்ச் சேர்கிறது. மைக் பொத்தானைத் தேட வேண்டியிருக்கிறது. சோமனூர்ப் பக்கம் வீட்டோடு விசைத்தறி ஓடும் மாணவி ஒருத்தி மைக்கைத் திறந்தால் வகுப்பு முழுவதும் தறிச் சத்தம்தான் கேட்கும். அவள் எழுந்து வாசலுக்கு வர வேண்டும், அல்லது சாட்டில் தட்டச்சு செய்ய வேண்டும். ஆகவே பத்து நொடியாவது பொறுங்கள். சாட்டில் வரும் பதிலை அவள் பெயரைச் சொல்லி உரக்கப் படியுங்கள். எழுதியதும் பேசியதாகவே கணக்கு.

காத்திருந்தாலும் கேள்வி சரியில்லை என்றால் பயனில்லை. நொய்யல் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் கூகுள் பார்த்து "வெள்ளிங்கிரி மலை" என்பார்கள், அத்தோடு முடிந்தது. சாயக் கழிவு நொய்யலில் கலந்ததால் 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைச் சொல்லி, நீங்கள் பட்டறைத் தொழிலாளியாக இருந்தால் என்ன சொல்வீர்கள், அதே ஆற்றில் உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் வைத்திருப்பவராக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பனியன் கம்பெனிச் சம்பளத்தில் படிக்கும் பிள்ளையும் தோட்டத்து வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தால், ஆசிரியர் பேச இடம் கிடைப்பதே அரிது.

சிறு குழுக்களாகப் பிரிப்பதானால், முதலில் தனியாக யோசிக்க ஒரு நிமிடம் கொடுங்கள். பிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981இல் முன்வைத்த "தனியாக யோசி, இருவராகப் பேசு, எல்லோரோடும் பகிர்" என்ற முறையும் அப்படித்தான் தொடங்குகிறது.

கலப்பு வகுப்பில் ஓரவஞ்சனை தானாகவே நேர்ந்துவிடும்: எதிரே கை தூக்குபவர் கண்ணில் படுகிறார், திரையில் கை தூக்குபவர் படுவதில்லை. முதல் வாய்ப்பை எப்போதும் வீட்டில் இருப்பவருக்கே கொடுங்கள். சாட்டைக் கவனித்து அவர்கள் சார்பில் குறுக்கிடும் பொறுப்பை முன்வரிசை மாணவர் ஒருவருக்கு, வாரம் ஒருவராக, ஒப்படையுங்கள். அறையில் ஒரே ஒரு கருவியில் மட்டும் மைக்கும் ஒலிபெருக்கியும் இயங்கட்டும். இரண்டு இயங்கினால் எதிரொலியில் யார் பேசுவதும் கேட்காது.