மழையை அளந்த கை

(கேரளத்து இடுக்கி மலையில், தேயிலைத் தோட்ட ஊரான வண்டிப்பெரியாற்றில் கோயில் திருவிழாவையொட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘இயற்கையை ஆராயச் செய்யும் செலவு வீண் செலவா, விதைநெல்லா?’ விதைநெல்லே என்ற அணியில் கடைசியாகப் பேசியது.)

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி அண்ணன் அக்காமார்களே, கொழுந்துக் காட்டிலிருந்தும் ஏலத்தோட்டத்திலிருந்தும் நேராக வந்து இந்தப் பனியில் உட்கார்ந்திருக்கிற என் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் கையில் இருக்கும் இந்தப் பழைய நோட்டு என் தாத்தாவுடையது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயங்களைப் பற்றி அக்கா கேட்டார்: “லயத்து வீட்டுக் கூரை ஒழுகுது. பிள்ளை பாத்திரம் வச்சுத் தண்ணியப் பிடிச்சுக்கிட்டே பரீட்சைக்குப் படிக்குது. அதுக்கு வழியக் காணோம், தவளைய ஆராயப் பணமா?” நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்தக் கூரைக்குக் கீழே பிறந்தவள் நான். பாத்திரம் நிறைய நிறைய எழுந்து ஊற்றிவிட்டு வந்து படித்தவள். கூரை மாற வேண்டும் என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இம்மியளவும் சண்டை கிடையாது.

ஆனால் கூரைக்கு உரிய பணத்தை ஆராய்ச்சி தின்றுவிட்டது என்றால், அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 64 காசு, அவ்வளவுதான் ஆராய்ச்சிக்குப் போகிறது. 2020-21க்கு அரசாங்கமே சொன்ன கணக்கு இது. ராக்கெட், ராணுவத் தளவாடம், மருந்து, விவசாயம், கம்பெனிகள் சொந்தமாகச் செய்கிற ஆராய்ச்சி எல்லாமே அந்த 64 காசுக்குள்தான். அதில் தவளைக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அக்கா தவளையைச் சொன்னதால் அந்தத் தவளையையே எடுத்துக்கொள்கிறேன். அது நம்ம ஊர்த் தவளை அய்யா. இதே இடுக்கியில், கட்டப்பனைப் பக்கம் கிடைத்தது. தவளை ஆராய்ச்சியாளர் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர் ஒருவரும் 2003ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். ஊதா நிறம், உப்பிய உடம்பு, அதற்குப் பொருந்தாத சின்னத் தலை, பன்றி மூக்கு மாதிரி கூரிய மூக்கு. மண்ணுக்குள்ளேயே கிடந்து கறையான் தின்று வாழ்கிறது. வருடத்தில் சில நாள், புதுமழை மண்ணை நனைக்கும்போது மட்டும் இணை தேடி மேலே வருகிறது. ஆண் தவளை மண்ணுக்கு அடியில் இருந்தபடியே குரல் கொடுக்கும். எங்கள் அப்பத்தா அதைக் கேட்டுவிட்டு, “மண்ணுக்குள்ள தவள கத்துது, விறக உள்ள எடுத்துப் போடு” என்பாள்.

அப்பத்தாவுக்குத் தெரிந்தது குரல். ஆராய்ந்தவர்கள் அதன் மரபணுவைப் பார்த்தார்கள். அன்றைக்குத் தெரிந்தவரை அதன் நெருங்கிய சொந்தம் இந்தியாவிலேயே இல்லை! கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. சுமார் 13 கோடி வருடத்துக்கு முன்னால் பிரிந்த பங்காளிகள். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த நிலமும் அந்தத் தீவுகளும் ஒரு காலத்தில் ஒரே தரையாக இருந்து, பிறகு நடுவே கடல் புகுந்ததற்கு இந்த உள்ளங்கை அகலத் தவளை சாட்சி. என் அப்பத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள். எங்களையும் தூங்க விட்டிருக்க மாட்டாள்.

ஆராய்ச்சி என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து செய்வது என்று அண்ணன் சொன்னார். அண்ணே, 2017ல் மலைக்கு அந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரிவில், இதே தவளைக்கு ஓர் உடன்பிறப்பை விவரித்தார்கள். அதற்குப் பூபதி என்பவரின் பெயரை வைத்தார்கள். கோவை சாலிம் அலி ஆய்வு மையத்தில் பாம்பும் ஆமையும் தவளையும் ஆராய்ந்தவர். 2014ல் அகத்தியமலைக்கு ஆய்வுக்குப் போனவர் அங்கேயே இறந்துபோனார். இந்த மலையில் உயிரை விட்டவர்களைச் சொல்லும்போது அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். “பூவைப் பிச்சுப் பார்க்கிறவனுக்கு வாசனை தெரியாது. ஆராய்ந்தால் அழகு செத்துப்போகும்.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் அனுபவம் வேறு.

பள்ளிக்கூட லீவு விட்டால் அம்மாவோடு ஏலக்காய் எடுக்கப் போவேன். உங்களில் பாதிப் பேருக்கு அந்த இடுப்புவலி தெரியும். ஏலத்தில் பூ உச்சியில் பூக்காது. தூரிலிருந்து சரம் கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படரும், பூவும் காயும் அதில்தான். குனிந்தே கிடக்கிற வேலை. அந்தப் பூவை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். வெள்ளையாக, விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நடு இதழில் ஊதாக் கோடுகள் விசிறி மாதிரி விரிந்து, எல்லாம் உள்ளே ஒரே இடத்தில் போய்ச் சேரும். அது எதற்கென்று நான் கேட்டதே இல்லை. காலேஜில் ஒரு ஆசிரியை சொன்னார்: தேன் எங்கே இருக்கிறது என்று தேனீக்குப் பூ போட்டு வைத்திருக்கிற பாதை அது. விடியலில் விரிகிற அந்தப் பூவுக்கு ஒரே பகல்தான் ஆயுள். அதற்குள் தேனீ வந்துபோனால் காய் பிடிக்கும், வராவிட்டால் பூ உதிர்ந்துவிடும்.

அந்த லீவில் தோட்டத்துக்குப் போனபோது வேலையை விட்டுவிட்டு ஒரு சரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தேனீ வந்து அந்த இதழில் இறங்கியது. கோட்டைப் பிடித்தபடியே உள்ளே போனது, முதுகில் மகரந்தத்தோடு வெளியே வந்தது. கங்காணி சத்தம் போடும் வரை எழுந்திருக்கவில்லை. அண்ணே, எனக்கு அழகு சாகவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பூவை முதல்முதலாகப் பார்த்தேன்.

இதில் காசும் இருக்கிறது. தேனீ மும்முரமாக இருக்கிற காலை நேரத்தில் மருந்து அடித்தால், பூச்சியோடு சேர்த்து அந்த வருடத்துக் காயையும் கொல்கிறோம். பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எந்த மணிக்கு எத்தனை தேனீ வருகிறது என்று யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு எண்ணியதால் நமக்குத் தெரிந்த செய்தி இது. தேனீயை எண்ணுவதற்கு ஒரு சம்பளமா என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள்.

“ஞள்ளானிங்கிற ஏல ரகத்தைக் கண்டுபிடிச்சது எந்த விஞ்ஞானி? கட்டப்பனை விவசாயிதானே?” என்று அண்ணன் கேட்டதை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். விவசாயிதான். ஆனால் அவர் என்ன செய்தார்? எல்லாச் செடியும் ஒன்றுபோல இல்லை என்று கவனித்தார், நன்றாகக் காய்த்ததைத் தனியே பிரித்தார், பெருக்கினார், மறுபடி காய்க்கிறதா என்று வருடக்கணக்காகப் பார்த்தார். அதற்குப் பெயர்தான் அண்ணே ஆராய்ச்சி. தன் நிலத்தையும் தன் காலத்தையும் பணயம் வைத்து ஒருவர் தனியாகச் செய்தார். கையில் ஏழு சென்ட் வைத்திருக்கிறவன் அப்படிக் காத்திருக்க முடியுமா? அவனுக்காக யாராவது காத்திருக்க வேண்டும், அதற்குத்தான் பொதுப்பணம்.

இப்போது தாத்தாவின் நோட்டு.

என் தாத்தா எஸ்டேட்டில் மழைமானி பார்த்தவர். மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், பக்கத்தில் கோடு போட்ட கண்ணாடிக் குவளை. தினமும் காலை எட்டரைக்குப் பாட்டில் தண்ணீரைக் குவளையில் ஊற்றி, குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவருவார். தண்ணீர் கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் ஏறி, நடுவில் குழிந்து நிற்கும். “குழியோட அடியப் படிக்கணும் தாயி, ஓரத்தப் படிச்சா மழையக் கூட்டிச் சொன்ன பாவம்” என்பார். ஆடி மாதத்தில் ராத்திரியே பாட்டில் நிறைந்து வழியும் என்று, சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு டார்ச்சோடு போய் அளந்துவிட்டு வருவார். முதல் பக்கங்களில் இஞ்சும், இஞ்சில் நூறில் ஒரு பங்கான சென்டுமாக இருக்கும், பிறகு மில்லிமீட்டர். ஆறாம் வகுப்போடு நின்றவர் எழுதிய கணக்கு.

இந்த ஊரிலிருந்து கே.கே. ரோட்டில், அதாவது கோட்டயம்-குமுளி ரோட்டில், ஒரு பஸ் ஏறினால் பீர்மேடு. அங்கே 1918ல் பிறந்தவர் அன்னா மாணி. ஏலத்தோட்டம் வைத்திருந்த வசதியான குடும்பம். எட்டாம் பிறந்தநாளுக்கு வைரத்தோடு கொடுத்தபோது, வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்ட பிள்ளை. பிறகு பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது அன்னாவின் கையில் ஆராய வந்ததும் வைரம்தான். காதில் போடாத வைரத்துக்குள் ஒளி எப்படிப் போய் எப்படி வெளிவருகிறது என்று, ஒரு படம் பதிய 15, 20 மணி நேரம் காத்திருந்து பார்த்தார். எம்.எஸ்சி. இல்லை என்று டாக்டர் பட்டம் தரவில்லை. அதற்காக அவர் நின்றுவிடவில்லை. லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைப் படித்தார். 1948ல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் போட்டு, இங்கேயே செய்ய வைத்தார். தப்பான அளவு, அளவே இல்லாததைவிட மோசம் என்பது அவர் பிடிவாதம். அதைப் படித்தபோது எனக்குத் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். வசதியான வீட்டுப் பெண், லயத்து வீட்டுக் கிழவர், இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

“இத்தனை அளந்து என்ன கண்டார்கள்? மழை சொன்னபடி பெய்கிறதா?” என்று எதிரணி கேட்கிறது. கில்பர்ட் வாக்கர் என்று ஒரு கணிதக்காரர். 1904ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தார். மழை பொய்த்துப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்த காலம் அது. உலகெங்கும் இருந்து காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டி, குமாஸ்தாக்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டார். பசிபிக் கடலில் அழுத்தம் ஏறினால் இந்தியக் கடலில் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது, பிள்ளைகள் இரண்டு முனையில் உட்கார்ந்து ஆடுகிற ஏற்றப்பலகை மாதிரி என்று கண்டார். அவர் தேடிய பருவமழை ஆரூடம் அவர் காலத்தில் கைகூடவில்லை. 1960களின் கடைசியில் யாக்கோப் பியர்க்னெஸ் என்பவர் அந்த ஏற்றப்பலகையையும், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோவையும் சேர்த்துக் காட்டினார். இன்றைக்கு டிவியில் ‘எல் நினோ வருடம், மழை குறையலாம்’ என்று சொன்னதும் கம்பத்து விவசாயி நாற்று விட யோசிக்கிறார். நாற்பது வருடம் பயன் இல்லாமல் கிடந்த கணக்கு. விதைநெல் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். பசிக்கிற நாளிலும் விதைநெல்லைக் குத்தித் தின்றுவிடக் கூடாது என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

அய்யா மணியைக் கையில் எடுப்பது தெரிகிறது. ஒன்றைச் சொல்லாமல் இறங்க மனம் வராது.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6, ராத்திரி. மலை சரிந்தது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த நம் சனம், 70 உயிர். மறுநாள் காலையில்தான் வெளியே செய்தி வந்தது. இங்கே அவர்களுக்குச் சொந்தக்காரர்கள் இருப்பீர்கள். அதை நான் வாதத்துக்காக எடுக்கவில்லை. அதே மூணாறில் அந்தோணியார் காலனிச் சரிவில் 2009 முதல் அம்ரிதா பல்கலைக்கழகத்தார் மண்ணுக்குள் கருவிகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து எவ்வளவு விழுகிறது என்பதோடு, மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது, அந்தத் தண்ணீர் உள்ளேயிருந்து மண்ணை எவ்வளவு அழுத்துகிறது என்றும் அவை அளந்து சொல்லும். அந்த அழுத்தம் ஏறஏற மண்துகள்களின் பிடி தளர்கிறது. மலை சரிவதற்கு முன் கொடுக்கிற குறிப்பு அது. அந்தக் குறிப்பைக் கேட்கிற காது ஒரு சரிவில் இருக்கிறது. நாம் குடியிருக்கிற எத்தனையோ சரிவுகளில் இல்லை.

அக்கா, நல்ல கூரை போட்டுக் கொடுப்போம், கட்டாயம் கொடுப்போம். அந்தக் கூரை எந்த மண்மேல் நிற்கிறது என்று பார்க்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க மாட்டோம் என்றால், அதற்குக் கீழே பிள்ளையை எப்படி அக்கா படுக்க வைப்பீர்கள்?

தாத்தா ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு முற்றத்தில் சொந்தமாக ஒரு மானி வைத்து எழுதினார். 2018 ஆகஸ்ட் பக்கத்தில் மை கரைந்திருக்கும், ராத்திரியில் மூன்று தடவை எழுந்துபோய் அளந்திருக்கிறார். அதற்கடுத்த வருடத்திலிருந்து என் கையெழுத்து. இன்று காலை எட்டரைக்கும் பார்த்தேன். மழை இல்லை, பூஜ்யம் என்று எழுதியிருக்கிறேன். பெய்யாத நாளையும் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நோட்டை இந்த மேசைமேல் வைக்கிறேன். பிள்ளைகள் வந்து புரட்டிப் பாருங்கள், உங்கள் பிறந்தநாளுக்கு மழை பெய்ததா என்று அதில் இருக்கும். வணக்கம்.