கூகுள் கேக்குறது உங்கள இல்ல, பக்கத்துக் காம்பராக்காரங்கள

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் ஹப்புத்தளையில சின்னதா ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்துறேன், ஹோம்ஸ்டே வச்சிருக்கவங்க, தேயிலைத்தூள் பேக்கட் போட்டு விக்கிறவங்க, கைட் வேல பாக்குற பொடியங்கன்னு நெறைய பேருக்கு வெப்சைட்டும் செஞ்சு குடுக்குறேன். வாரத்துக்கு ரெண்டு போனாவது வந்துரும். "சேர், சைட்ட போட்டு ஒரு மாசமாச்சு, எங்க பேர அடிச்சா கூட கூகுள்ல வரமாட்டேங்குது"ன்னு.

சொந்தப் பேர அடிச்சே வரலன்னா அது பெரும்பாலும் ரேங்க், அதாவது தேடுனா எத்தனாவதா வருதுங்கிற பிரச்சின இல்லைங்க, கூகுள் உங்க சைட்ட தன் பட்டியல்ல இன்னும் எடுக்கவேயில்ல. வேர்ட்பிரஸ்ல செஞ்சிருந்தா செட்டிங்ஸுக்குள்ள ரீடிங்ன்னு ஒரு எடம் இருக்கும், அதுல கீழ ஒரு குட்டிக் கட்டம், தேடுற எஞ்சின் எதுவும் இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்ற கட்டம். அரைகுறையா இருக்கப்ப வெளிய தெரியக்கூடாதுன்னு அதுல டிக் போடுவாங்க, வேல முடிஞ்சதும் எடுக்க மறந்துருவாங்க. பண்டாரவளையில ஒரு தம்பி மூணு மாசம் அப்படியே காத்துக்கிட்டு இருந்தாரு.

சரி, இப்ப லிங்க் கதைக்கு வர்றேன், அதாவது அமுக்குனா உங்க சைட்டுக்கு வர்ற மாதிரி இன்னொரு சைட்டுல வைக்கிற இணைப்பு, எனக்கு மனசுல கெடந்து உறுத்துற விஷயம் இதுதான். எங்க அக்கா மகளும் அவ வீட்டுக்காரரும் ரெண்டு ரூம்ல ஒரு ஹோம்ஸ்டே ஆரம்பிச்சாங்க. சைட்டும் போட்டாச்சு. பேஸ்புக்ல ஒருத்தர் வந்து, ஆயிரம் லிங்க் தர்றேன், ஒரே மாசத்துல கூகுள்ல மொத பக்கம்னு சொல்லியிருக்காரு, இந்தப் புள்ள என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம சீட்டுக் காசுல இருந்து பத்தாயிரம் ரூவாய எடுத்துக் குடுத்துட்டா. ஒரு எக்செல் ஷீட் வந்துச்சு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு குசினி மேசையில உக்காந்து நாங்க ரெண்டு பேரும் ஒவ்வொண்ணா தொறந்து பாத்தோம். ஒண்ணு சூதாட்ட சைட்டு, ஒண்ணு எந்த நாட்டுதுன்னே தெரியாத சப்பாத்துக் கடை, இன்னொரு பக்கத்துல வெறும் லிங்க்கா நூத்துக்கணக்குல அடுக்கி வச்சிருக்கு, அதுக்கு நடுவுல எங்க புள்ளையோட சைட்டு. எல்லாத்துலயும் ஒரே வார்த்த, எல்லங்கிற ஊருல சிறந்த ஹோம்ஸ்டேன்னு. அவங்க வீடு எல்ல ஊருலயே இல்லைங்க, ஹப்புத்தளையில! அவ ஒண்ணும் பேசல, லேப்டாப்ப மூடி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. மாசம் முடிஞ்சும் ஒரு அசைவும் இல்ல.

ஏன்னு சொல்றேன். 1998ல ஸ்டான்போர்ட்ல படிச்சுக்கிட்டு இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுள ஆரம்பிச்சப்ப அவங்க புடிச்ச யோசனையே இதுதான், ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் குடுத்தா அது ஒரு சாட்சி, சாட்சி சொல்றவருக்கு மதிப்பு இருந்தா அந்தச் சாட்சிக்கும் மதிப்பு. தோட்டத்து லயத்துல, வரிசையா காம்பரா, அதாவது வீடு இருக்க எடத்துல, புதுசா ஒரு குடும்பம் வந்தா அவங்களே தங்களப் பத்தி நூறு தடவ சொன்னாலும் எடுபடாது, பக்கத்துக் காம்பரா அக்கா "நல்ல மனுசங்க"ன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், இல்லீங்களா? அது மாதிரிதான். ஆனா காசுக்குச் சாட்சி விக்க ஆள் கெளம்பிருச்சு, அதப் புடிக்கத்தான் 2012 ஏப்ரல்ல பென்குயின்னு தேடல் முறையில ஒரு மாத்தத்தக் கொண்டு வந்தாங்க. 2016க்குப் பொறகு அந்த மாதிரி லிங்க்க பெரும்பாலும் கணக்குலயே எடுக்குறதில்ல. ரொம்ப மோசமா போனா கூகுள்ல இருக்க ஆளுங்களே பாத்து சைட்ட கீழ தள்ளுறதும் உண்டு. அதனால திரும்பவும் சொல்றேன், லிங்க்க காசுக்கு வாங்காதீங்க.

அப்ப என்ன செஞ்சோம்? வந்து தங்குறவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, மலை மேல நின்னு சுத்திப் பாக்குற எடமான லிப்டன் சீட்டுக்கு எப்படிப் போறதுன்னு. அதயே ஒரு பக்கமா எழுதச் சொன்னேன். ஹப்புத்தளையில இருந்து தம்பத்தென்ன பஸ்ஸுல ஏறி, 1890ல தேயிலை வியாபாரி தாமஸ் லிப்டன் கட்டுன தேயிலை பெக்டரிகிட்ட எறங்கணும், அங்கருந்து மேல நடை, ஒரு ஏழு கிலோமீட்டர். வெள்ளன போகணும், கொஞ்சம் வெயில் ஏறுனதும் பனி வந்து எல்லாத்தையும் மூடிரும். இது எல்லாரும் எழுதுறதுதான். அக்கா மகளும் மருமகனும் நடந்தே போயி, எந்த முடக்குல குறுக்குப் பாத பிரியுது, எங்க ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் கெடைக்கும், எந்த எடத்துல போன் சிக்னல் போயிரும்னு ஒவ்வொண்ணா குறிச்சிட்டு வந்து, போட்டோவோட போட்டாங்க. அவங்க வீட்டுல தங்கிட்டுப் போன ஒருத்தர் தன்னோட சைட்டுல அந்தப் பக்கத்துக்கு லிங்க் குடுத்தாரு. பொறகு எல்ல ஊருல இருக்க ஒரு கைட். பொறகு அவங்க தேயிலைத்தூள் வாங்குற கடை, இது நாங்களா போயி கேட்டது. மொத்தமா அஞ்சே அஞ்சு லிங்க்தாங்க, அடுத்த சீசன்ல அந்த வழியத் தேடுனவங்களுக்கு அந்தப் பக்கம் மொத பக்கத்துலயே வந்துச்சு.

கேக்குறதுக்கு வெக்கப்படாதீங்க. உங்ககிட்ட சாமான் வாங்குறவங்க, நீங்க படிச்ச ஸ்கூலோட பழைய மாணவர் சங்கம், கோயில் திருவிழாவுக்கு சைட் வச்சிருந்தா அந்தக் கமிட்டி, நெசமா உங்களத் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. பேஸ்புக்ல ஷேர் பண்ணுங்க, ஆனா அந்த லிங்க்குல நோஃபாலோன்னு, இத சாட்சியா எடுக்காதீங்கன்னு கூகுளுக்குச் சொல்ற ஒரு குறி இருக்கும், ரேங்க்குக்குன்னு அத நம்பி இருக்க வேணாம், ஆள் வந்து பாக்குறதுக்குத்தான் அது.

தங்கச்சி கைய காட்டுறாங்க, நேரமாச்சாம். தமிழ்ல எழுதுறதப் பத்தி நெறைய சொல்லணும்னு வந்தேன், சுருக்கமா சொல்லிர்றேன். ஒருத்தர் ஹப்புத்தளைன்னு அடிப்பாரு, ஒருத்தர் அப்புத்தளைன்னு அடிப்பாரு, நுவரெலியாவ நூரளைன்னு சொல்றவங்களும் இருக்காங்க, உங்க சைட்டுப் பக்கத்துல எங்கயாவது எல்லா மாதிரியும் வர்ற மாதிரி எழுதுங்க. அப்புறம் கூகுள் சேர்ச் கன்சோல், சைட் வச்சிருக்கவங்களுக்கு கூகுள் குடுக்குற கருவி, காசு இல்ல, அதுல சைட்ட சேத்து சைட்மேப்ப, அதாவது உங்க பக்கங்களோட பட்டியல குடுங்க, எந்த வார்த்தைய தேடி ஆள் வர்றாங்கன்னு கொஞ்ச நாள்ல அதுலயே தெரியும். அவசரப்படாதீங்க, பலன் தெரிய நாலு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஆகும்னு கூகுள்காரங்களே சொல்லியிருக்காங்க. சரிங்க, வணக்கம்.