ஃபால்அவுட் 4: கதை எங்க ஒட்டலை, எங்க ஒட்டுது?

வணக்கமுங்க. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம்னு பார்டருக்கு ரெண்டு பக்கமும் இருந்து ஒரே கேள்வி வந்துட்டு இருக்கு: "ஃபால்அவுட் 4 வீடியோ கேம் விளையாட அருமையா இருக்கு, ஆனா கதை மட்டும் மனசுல ஒட்ட மாட்டேங்குதே, ஏன்?" இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். 2015 நவம்பர்ல வந்த கேம், அதனால முடிவு வரைக்கும் எல்லாத்தையும் போட்டு உடைச்சுருவேன். இன்னும் முடிக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க.

ஆரம்பத்தைப் பாருங்க. 2077 அக்டோபர் 23, அணுகுண்டு விழுது. குடும்பத்தோட வால்ட் 111ங்கற நிலத்தடி பதுங்கு குழிக்குள்ள ஓடறோம், உறைய வச்சுடறாங்க. நடுவுல ஒருக்கா முழிப்பு வருது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெல்லாக்னு ஒருத்தன், நம்ம துணையைச் சுட்டுட்டுக் கைக்குழந்தை ஷானைத் தூக்கிட்டுப் போறான். கைய அசைக்க முடியாது. மறுபடி வெளிய வரும்போது 2287.

பெத்த புள்ளையைத் தேடிப் போறதுன்னா அதைவிடப் பெரிய காரணம் எதுவும் வேணாம். ஆனா அந்தப் புள்ளையோட நாம எவ்வளவு நேரம் இருந்தோம்? தொட்டில் பக்கத்துல போயி மேல தொங்கற பொம்மையை ஒரு சுத்து சுத்தி விட்டோம், அவ்வளவுதான். தகப்பன் தாயோட பாசத்தை கேம் நமக்குச் சொல்லுது, ஊட்டி விடலை.

அதுகூடப் பொறுத்துக்கலாம். பெரிய ஓட்டை அதுக்கு அடுத்த எட்டுல இருக்கு. பக்கத்து ஊரான கான்கார்ட் போனதும், கொள்ளைக்காரங்ககிட்ட மாட்டின பிரஸ்டன் கார்வி கூட்டத்தைக் காப்பாத்தறோம். உடனே நம்ம பழைய குடியிருப்பான சாங்ச்சுவரியில கட்டில் போடு, தண்ணி பம்பு வை, காவலுக்கு டரட் (தானா சுடற துப்பாக்கி) வைன்னு வேலை வருது. அதை முடிச்சா இன்னொரு செட்டில்மென்ட் (குடியிருப்பு), அதுக்கப்புறம் இன்னொன்னு. கேமோட சுவாரசியமே அந்தச் சாமான் பொறுக்கறதும் ஊர் கட்டறதும்தான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா புள்ளையைப் பறிகொடுத்தவன் பழைய டெஸ்க் ஃபேனைப் பிரிச்சு ஸ்க்ரூ சேத்துட்டு உக்காந்திருப்பானா? கேரக்டருக்கு என்ன வேணுமோ, நம்ம கை என்ன செய்யுதோ, ரெண்டும் ஒரே திசையில போகணும். எந்த ஆர்பிஜியையும் (ஒரு கேரக்டரா வாழ்ந்து ஆடற கேம்) நான் இதை வச்சுத்தான் அளப்பேன். இங்க ரெண்டும் மொதல் மணி நேரத்துலயே பிரிஞ்சுருது.

2010ல அப்சிடியன் கம்பெனி பண்ணின இன்னொரு ஃபால்அவுட் கேம் நியூ வேகாஸ்ல இந்தச் சிக்கலே இல்ல. நம்மளைத் தலையில சுட்டுப் புதைச்சவன் பென்னி, அவன் எதுக்குச் சுட்டான்னு கண்டுபிடிக்கணும். அவசரம் கிடையாது, கோபமா ஆர்வமாங்கறது நம்ம இஷ்டம். நேர் வடக்கே போனா கசடோர் பூச்சியும் குவாரி ஜங்ஷன்ல இருக்கற டெத்க்ளா மிருகமும் கிழிச்சுடும். அதனால ப்ரிம், நிப்டன், நோவாக்னு ஊர் ஊரா தெற்கால சுத்திப் போறோம். போற வழியே பென்னியோட தடம். சுத்தறதே தேடறதா ஆயிருது.

இப்ப கெல்லாக்குக்கு வருவோம், ஏன்னா எனக்கு ரொம்ப ஆத்திரம் வர்ற இடம் இது. ஃபோர்ட் ஹேகன்ல அவனைப் பிடிச்சதும் நாலு வரி பேச்சு, அப்புறம் சண்டைதான். விட்டுடவும் முடியாது, பேரம் பேசவும் முடியாது. கொன்ன பிறகு அவன் மூளையில இருந்த கருவியை எடுத்துட்டு குட்நெய்பர் ஊர்ல இருக்கற மெமரி டென்னுக்கு (நினைவைப் பார்க்க வைக்கற இடம்) போறோம். அங்கதான் அவன் நினைவுக்குள்ள நடக்கறோம்: அவங்கம்மா, அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவுல சம்சாரம் சாராவும் பொண்ணு மேரியும் கொல்லப்பட்டது. அவனும் குடும்பத்தைப் பறிகொடுத்த தகப்பன். இவ்வளவு நல்ல எழுத்தைச் செத்தவன் மண்டைக்குள்ள வச்சு என்ன பிரயோஜனம்? அதே சங்கதி சண்டைக்கு முன்னாடி ஒரு டெர்மினல்ல (கம்ப்யூட்டர்) கெடச்சிருந்தா, துப்பாக்கிய நீட்டும்போது கை ஒரு நொடி நின்னிருக்கும். நியூ வேகாஸ் பென்னியை டாப்ஸ் கசினோவுலயே கொல்லலாம், தனியா பேசலாம், தப்ப விட்டு, சீசர்ங்கற படைத்தலைவன் கூடாரத்துல அவன் தலையெழுத்தைத் தீர்மானிக்கலாம். கெல்லாக்குக்கு ஒரே கதவு.

டயலாக்கும் இதுக்கு உடந்தை. நாலே பட்டன்: கீழ சம்மதம், வலது மறுப்பு, இடது பெரும்பாலும் நக்கல், மேல கேள்வி. திரையில காட்டறது ரெண்டு மூணு வார்த்தை, கேரக்டர் வாய் திறந்து பேசறது வேற. மறுத்தாலும் பெரும்பாலும் அதே குவெஸ்ட் (வேலை) காத்துட்டு இருக்கும். பிசியில ஆடறவங்க ஃபுல் டயலாக் இன்டர்ஃபேஸ்ங்கற மாட் (ரசிகர்கள் செஞ்ச கூடுதல் ஃபைல்) போட்டுருங்க, பேசப் போற வரி முழுசா தெரியும். கன்சோல்காரங்க குறைஞ்சபட்சம் செட்டிங்ஸ்ல சப்டைட்டிலை ஆன் பண்ணிக்கோங்க.

குழந்தையைக் கடத்தச் சொன்னது இன்ஸ்டிட்யூட், நிலத்துக்கு அடியில ஒளிஞ்சு வாழற விஞ்ஞானிங்க கூட்டம். அதுக்குள்ள போனா கைக்குழந்தை ஷான் அறுபது வயசுப் பெரியவர், அந்த இடத்துக்கே டைரக்டர்; நாம மறுபடி உறைஞ்சு கிடந்த காலத்துல அவன் வளர்ந்துட்டான். திருப்பம் பிரமாதம், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல. கதிர்வீச்சு படாத டிஎன்ஏ வேணும்னுதான் குழந்தையைத் தூக்கினாங்கங்கறதும் பொருந்துது. ஆனா மேல இருக்கற மனுஷங்களைக் கடத்திட்டு அவங்க எடத்துல சிந்த்தை (இன்ஸ்டிட்யூட் செய்யற செயற்கை மனுஷன்) ஏன் வைக்கணும்? வார்விக் தோட்டத்துக்காரருக்குப் பதிலா சிந்த் வச்சது விளைச்சல் ஆராய்ச்சிக்குன்னு சொல்றாங்க. ஒரு விவசாயியைக் கொல்லாம, விதையைக் கையில குடுத்தே அதைச் செஞ்சிருக்கலாம். வில்லனோட திட்டம் அவனுக்கே லாபம் தராட்டி, நாம எந்தப் பக்கம் சேர்றதுங்கறதுக்கு எடையே இல்லாம போயிருது.

ஒட்டற இடம் நம்மகூட வர்ற துப்பறிவாளன் நிக் வாலன்டைன். போருக்கு முந்தி இருந்த ஒரு போலீஸ்காரனோட நினைவைச் சுமந்துட்டு இருக்கற சிந்த். அந்தப் போலீஸ்காரனுக்கு நிச்சயமான பொண்ணு ஜென்னியைக் கொன்னவன் எடி விண்டர், கதிர்வீச்சால சாகாம இன்னும் இருக்கற ரவுடி. பாஸ்டனைச் சுத்தி இருக்கற போலீஸ் ஸ்டேஷன்கள்ல அவனோட 10 டேப்பைத் தேடிச் சேத்தா, அவன் பதுங்கியிருக்கற அறைக் கதவோட கோடு கெடைக்குது. கவனிச்சீங்களா, இங்கயும் சாமான் பொறுக்கறதுதான் வேலை. ஆனா பொறுக்கற ஒவ்வொண்ணும் நிக்கோட தேவைக்கு. அந்த வலி தன்னோடதா, இன்னொருத்தன்கிட்ட இருந்து வந்ததான்னு அவனுக்கே தெரியாது. 2016ல வந்த ஃபார் ஹார்பர்ங்கற கூடுதல் கதையில டிமாங்கற சிந்த் நம்மகிட்டயே கேக்கறான்: உன்னோட முதல் நினைவு எது? யோசிச்சா, குண்டு விழுந்த காலைக்கு முன்னாடி நமக்கு எதுவுமே காட்டலை, நாமளே சிந்த்தோன்னு சந்தேகம் வருது. மொத்த கேம்லயும் என்னை நிமிந்து உக்கார வச்ச வசனம் அது.

அதனால இப்படி ஆடிப் பாருங்க. வால்ட்டை விட்டு வந்ததும் கான்கார்டைத் தொடாதீங்க, நேரா பெரிய ஊரான டைமண்ட் சிட்டி. கேட்ல பத்திரிகைக்காரி பைப்பர் நிப்பா, அங்கிருந்து நிக்கைத் தேடிப் போங்க. கெல்லாக் கதை முடியற வரைக்கும் ஊர் கட்டற வொர்க்‌ஷாப் பக்கமே போகாதீங்க. கான்கார்ட்ல கெடைக்கற பவர் ஆர்மர்ங்கற இரும்புக் கவசம் இல்லாம போறதால கஷ்டமா இருக்கும், காயத்துக்குப் போடற ஸ்டிம்பேக்கைச் சிக்கனமா செலவு பண்ணுங்க. கதிர்வீச்சு நெறஞ்ச ஒளிரும் கடலுக்கு, இன்ஸ்டிட்யூட்டை விட்டு ஓடி வந்த விஞ்ஞானி வர்ஜிலைத் தேடிப் போகும்போது ஹஸ்மட் சூட் (கதிர்வீச்சைத் தடுக்கற உடுப்பு) கட்டாயம், ஏறின கதிர்வீச்சை இறக்கற ராட்அவே மருந்து நெறைய எடுத்துக்கோங்க. இன்ஸ்டிட்யூட்டுக்குள்ள நம்மளை ஒரே நொடியில அனுப்பற டெலிபோர்ட்டர் கட்ட ஒரு கூட்டம் வேணும், அப்போ பிரஸ்டன்கிட்ட போங்க. புள்ளைக்காகப் போறோம்னு அவன் வேலைக்கும் அப்பத்தான் அர்த்தம் வரும். சர்வைவல்ங்கற கஷ்டமான மோட்ல ஆடினா இன்னும் அழுத்தமா இருக்கும், ஆனா அதுல ஆடிட்டு இருக்கும்போது படுத்துத் தூங்கினாத்தான் சேவ் ஆகும். ஆடிக் காத்துல கரண்ட் போயிட்டுப் போயிட்டு வர்ற நம்ம பக்கம் யூபிஎஸ் இல்லாம அதைத் தொடாதீங்க.

கடைசியா ஒண்ணு. இன்ஸ்டிட்யூட்டைத் தகர்க்கறப்போ சின்ன வயசு ஷான் மாதிரியே செஞ்சு வச்ச பையன் சிந்த், என்னையும் கூட்டிட்டுப் போன்னு நிப்பான். கூட்டிட்டு வாங்க, பெரியவர் ஷான் விட்டுட்டுப் போன டேப்பையும் அவன்கிட்ட வாங்கிக் கேளுங்க. அதுக்கப்புறம் அவன்கிட்ட பேசப் போனா, சாமான் கொண்டு வா, செஞ்சு தர்றேன்ங்கறான். நீ யார், நான் உனக்கு யார்னு கேக்க ஒரு பட்டன்கூட வைக்கலை. மொத்தக் கதையும் அந்தக் கேள்விக்காகத்தான நடந்துச்சு?