சேம்பர் மூடியைத் திறந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் நம் வீடுகளில் கை முதலில் போவது ஆசிட் பாட்டிலுக்குத்தான். நாப்கினையும் மரவேரையும் ஆசிட் கரைக்காது. மறுநாள் அடைப்பெடுக்க வருகிறவர் மேல்தான் தெறிக்கும். பாட்டிலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய், வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சிறு குழியான சேம்பரின் மூடியைத் திறந்து பாருங்கள்.

சென்னையில் பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். கழிவறை அடைத்திருக்கிறது, சேம்பரோ காய்ந்து கிடக்கிறது. அப்படியானால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். சேம்பர் தளும்பி நின்றால் அடைப்பு அதைத் தாண்டி இருக்கிறது. அடுத்த சேம்பரைத் திறக்க வேண்டும். கடைசிச் சேம்பரும் நிரம்பியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். அங்கேயும் அதே கதை என்றால் கோளாறு தெருக் குழாயில். அது குடிநீர் வாரியத்தின் வேலை. 1916 என்ற எண்ணில் புகார் செய்யலாம். இதைப் பார்க்காமலே டைல்ஸை உடைத்தவர்கள் நிறையப் பேர்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைக்கிறதா? அப்போது குத்திவிட்டால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் ஸ்டோன்வேர் எனப்படும் சுட்ட களிமண் குழாய்கள். இரண்டடி, இரண்டரையடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து இணைத்திருப்பார்கள். அந்த இணைப்பு விரிசல் விட்டால், ஈரம் தேடி வேர் உள்ளே வந்துவிடும். கேமரா விட்டுப் பார்த்தால் கெட்டுப்போன இடம் தெரியும், அதை மட்டும் தோண்டலாம். புதுக் குழாய் போடும்போது வாட்டத்தைக் கவனியுங்கள். நாலு அங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி இறக்கம் நல்ல கணக்கு.

மொட்டைமாடி மழைநீரைச் சேம்பரில் விடும் பழக்கமும் இருக்கிறது. ஐப்பசி மழையில் தரைத்தளக் குளியலறைக்குள் சாக்கடை ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. செப்டிக் டேங்குக்குள்ளோ ஆழமான சேம்பருக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கலாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடையே இல்ல சார், இறங்கிடலாம்" என்று ஒருவர் சொல்வதை நம்பக் கூடாது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். வேலைக்கு அமர்த்தியவர் வீட்டுக்காரராக இருந்தாலும் இது பொருந்தும். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டிருக்கிறது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டியும் கழிவை உறிஞ்சும் லாரியும் வெளியில் நின்றே வேலையை முடிக்கும். செப்டிக் டேங்க் உள்ளவர்கள் 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

சரி, குழாய் மாற்றியாகிவிட்டது. கொத்தனார் மண்ணைத் தள்ள அவசரப்படுவார். விடாதீர்கள். கீழ் முனையை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் நிறுத்திக் கொஞ்ச நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. அப்புறம் சுவரிலிருந்து குழாய் எத்தனை அடி தள்ளிப் போகிறது என்று டேப் வைத்து, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகே மூடச் சொல்லுங்கள்.