தூசியும் இருமலும்: யாரோடு யாரை ஒப்பிடுவது?

நேயர்களுக்கு வணக்கம். சேவராயன் மலையடிவாரத்தில் மேக்னசைட் வெட்டியெடுக்கும் இடங்களைக் கடந்து போகிறவர்கள் அங்கே குவிந்து கிடக்கும் வெள்ளைக் கல்லையும் கோடையில் கிளம்பும் புழுதியையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் புழுதியில் வேலை செய்வோருக்கு நெஞ்சு நோய் கூடுதலாக வருகிறதா என்று கேட்டால், எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருமுகிறார்கள் என்பது விடையாகாது. அந்த நால்வர் எத்தனை பேரில் நால்வர், தூசி படாத அதே வயதினரில் இருமுவோர் எத்தனை பேர் என்ற இரண்டும் தெரிந்த பிறகே கணக்குத் தொடங்கும்.

இன்று வேலைக்கு வந்திருப்பவர்கள் அனைவரையும் வரிசையில் நிறுத்திச் சோதிப்பது குறுக்குவெட்டு ஆய்வு. செலவு குறைவுதான், ஆனால் மூச்சு வாங்கியவர் எப்போதோ வேலையை விட்டு வீட்டோடு இருப்பார், திடமானவரே வரிசையில் நிற்பார், ஆகவே தூசியால் கெடுதல் இல்லை என்ற தோற்றம் எழும்.

நோயாளியிடம் தொடங்கிப் பின்னோக்கி விசாரிப்பது இன்னொரு முறை. பிரிட்டன் மருத்துவ ஆய்வாளர்களான ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் 1950-இல் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் கண்ட 649 ஆண்களையும், வயதில் ஒத்த, வேறு நோய்களுக்காக மருத்துவமனையில் இருந்த 649 ஆண்களையும் விசாரித்தார்கள். புகைக்காதவர் முதல் தரப்பில் 2 பேர், அடுத்த தரப்பில் 27 பேர்; மீதி 647 பேரும் 622 பேரும் புகைத்தவர்கள். 647-ஐ 27-ஆல் பெருக்கி, அதை 622-ஐ 2-ஆல் பெருக்கிய தொகையால் வகுத்தால் ஏறத்தாழ 14 வரும். இதுவே வாய்ப்பு விகிதம். நோய் அரிதாக இருக்கும்போது, புகைப்பவருக்கு எத்தனை மடங்கு ஆபத்து என்பதை இது நெருக்கமாகவே காட்டும். புகைப்போர் நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதை மட்டும் இதிலிருந்து சொல்ல முடியாது, ஏனெனில் நோயாளிகள் இத்தனை பேர், மற்றவர்கள் இத்தனை பேர் என்று வகுத்துக்கொண்டவர்களே ஆய்வாளர்கள்தாம்.

இந்த முறையில் ஒப்பிட அழைக்கப்படுவோரைத் தேர்வதில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன என்பது என் எண்ணம். தூசிக்கும் நெஞ்சு நோய்க்கும் தொடர்பு தேடுகிறவர், வசதி கருதிப் பக்கத்துப் படுக்கையில் இருக்கும் வேறொரு நெஞ்சு நோயாளியையே ஒப்பீட்டுக்கு எடுத்தால், அவருடைய நோய்க்கும் அதே தூசி காரணமாக இருக்கக்கூடும். உண்மையான தொடர்பு அங்கே சுருங்கித் தெரியும். பீடியோ வேறு விதமான சிக்கல். சுரங்கத் தொழிலாளரில் பீடி பிடிப்போர் மிகுதி என்றால், பீடி செய்த கேட்டைத் தூசியின் மேல் ஏற்றிவிடுவோம். பீடி பிடிப்போரைப் பீடி பிடிப்போருடனும், தொடாதவரைத் தொடாதவருடனும் தனித்தனியே ஒப்பிட்டால் இது பெருமளவு விலகும்.

1951-இல் அதே இருவரும் பிரிட்டன் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தை முதலில் பதிந்துகொண்டு, பிறகு ஆண்டுக்கணக்கில் பின்தொடரத் தொடங்கினார்கள். இத்தகைய ஆய்வில் மடங்கோடு, ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் கூடுதலாக நோயுறுகிறார்கள் என்ற வித்தியாசமும் கிடைக்கிறது. அரிய நோயில் பத்து மடங்கு என்பது சிலரையே தொடலாம். ஊரெங்கும் உள்ள இருமலில் ஒன்றரை மடங்கே பெருங்கூட்டத்தைப் பாதிக்கும்.

நம் சுரங்கங்களுக்கு இதைச் செய்ய இன்னும் ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. பழைய மஸ்டர் ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, பத்திரமாக இருந்தால், அதில் உள்ள ஒவ்வொரு பெயரையும், வேலையை விட்டு நின்றவர்களையும் இறந்தவர்களையும் விடாமல், ஊர் ஊராகத் தேடி இன்றைய நிலையை அறியலாம். கிடைக்காதவர்களை விட்டுவிட்டுக் கிடைத்தவர்களை மட்டும் எண்ணினால், வரிசையில் நிறுத்திச் சோதித்த அதே பிழைதான் மீண்டும் வரும்.