ஸ்பீக்கர் ஒயரை எந்தத் திருகில் மாட்டுவது?

வணக்கம் நேயர்களே. கொருக்குப்பேட்டையில் எங்கள் மாமா மைக் செட் கடை வைத்திருந்தார். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டுவோம், கூடவே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதிலாகக் கண்ணாடிக் குழல் வால்வு போட்ட பழைய செட். ஒரு வருஷம் பாட்டு திடீரென்று நின்றது. சத்தம் வரவில்லையே என்று நான் வால்யூமை முழுசாகத் திருகிவிட்டேன். உள்ளே சடசடவென்று பொறி, அப்புறம் கருகல் நாற்றம். தெருமுனையில் ஸ்பீக்கர் ஒயர் அறுந்து கிடந்தது. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது.

அது ஏன் போனது என்று புரியவே எனக்குப் பல வருஷம் ஆனது. இஎல்84 என்ற வகை வால்வு இரண்டு போட்ட புஷ்-புல் செட்டை, அதாவது இரண்டும் மாறி மாறித் தள்ளி இழுக்கும் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஜோடிக்கு எதிரே சுமார் 8000 ஓம் சுமை இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், ஸ்பீக்கரோ வெறும் 8 ஓம். நடுவில் உட்கார்ந்து இந்த இரண்டையும் ஒத்துப்போக வைப்பதுதான் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. 8000-ஐ 8-ஆல் வகுத்தால் 1000, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 32, அதாவது ஸ்பீக்கர் பக்கம் ஒரு சுற்றுக்கு வால்வு பக்கம் 32 சுற்று. டிரான்ஸ்ஃபார்மருக்கென்று சொந்தமாக ஓம் கிடையாது, இந்த விகிதம் மட்டும்தான். செட்டின் பின்னால் ஸ்பீக்கர் ஒயர் மாட்டும் திருகுகளில் 4, 8, 16 என்று ஓம் எழுதியிருக்கும். அதனால் 8 என்று போட்ட திருகில் 16 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வுக்கு 16000 தெரியும், 4 ஓமை மாட்டினால் 4000. முதலாவதில் வோல்டேஜ் ஏறும், இரண்டாவதில் கரண்ட் ஏறி வால்வு சீக்கிரம் தேயும். ஒரு படி தள்ளிப்போனால் பெரும்பாலும் உடனே சாகாது, ஆனால் பவரும் குறையும், சத்தமும் கெடும்.

ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டுவதுதான் கொலை. சிக்னல் ஏறும்போது சுருளில் சேரும் சக்திக்குப் போக வழியில்லை, வோல்டேஜ் தாறுமாறாக எகிறி, இன்சுலேஷனைத் துளைத்துவிடும். டிரான்சிஸ்டர் செட்டுக்கு ஷார்ட் ஆகாது, வால்வு செட்டுக்கு அறுந்த ஒயர் ஆகாது. பாட்டு நின்றால் முதலில் வால்யூமைக் குறையுங்கள், அப்புறம் பவரை அணைத்துவிட்டு ஒயரைத் தேடுங்கள்.

மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6, ஆறரை என்றுதான் காட்டும், ஏமாற வேண்டாம். மீட்டர் பார்ப்பது கம்பியின் டிசி ரெசிஸ்டன்ஸை மட்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கவாட்டில் (பாரலல்) இணைத்தால் 4, தொடராக (சீரீஸ்) இணைத்தால் 16, அதற்கேற்ற திருகுக்குப் போங்கள். நீள ஒயரில் பல குழாய்களை, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இணைக்கும் 100 வோல்ட் லைனுக்குக் கணக்கே வேறு, அங்கே வாட்ஸைத்தான் கூட்ட வேண்டும்.

பழைய செட்டை மேஜையில் வைத்துச் சோதிக்கிறவர்கள், ஸ்பீக்கர் இல்லையென்றால் 8 ஓம், 25 வாட் ஒயர்வுண்ட் (கம்பி சுற்றிய) ரெசிஸ்டர் ஒன்றை 8 திருகில் மாட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். 10, 15 வாட் செட்டுக்கு அது போதும். நன்றாகச் சூடாகும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.